ரவுட்டரின் செய்தி பூட்.லாகில் ஏன் விழுகிறது? சிஸ்லாக் அமைப்பது பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இரண்டு உபுண்டு சர்வர்கள், ஒரு சிஸ்கோ ரவுட்டர், இவற்றின் பதிவுகளை ஓரிடத்தில் வாங்கி வைக்க ஒரு ராக்கி லினக்ஸ் சர்வர். இப்படிப் பதிவுகளை அனுப்பி, வாங்கி வைக்கும் முறைக்குத்தான் சிஸ்லாக் என்று பெயர். ரவுட்டருக்காகப் போன மாதம் ராக்கியில் யூடிபி (சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) 514 போர்ட்டைத் திறந்தீர்கள். அதன் செய்திகள் வருகின்றன, ஆனால் /வார்/லாக்/பூட்.லாக் கோப்பில் போய் விழுகின்றன. நேற்று உபுண்டுகளுக்காக டிசிபி (இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் முறை) வரவையும் சேர்த்துவிட்டு, சிஸ்லாக் வேலையைச் செய்யும் நிரலான ஆர்சிஸ்லாக்குக்கு ஹப் சிக்னல், அதாவது ஓடும் நிரலுக்குக் கொடுக்கும் ஒரு சைகை, அனுப்பினீர்கள். ஒரு வரிகூட வரவில்லை. பிறகு, இடம் நெருக்குகிறதே என்று 18 ஜிபிக்கு வளர்ந்திருந்த மெசேஜஸ் என்ற பதிவுக் கோப்பை அழித்தீர்கள். டிஸ்க்கில் ஒரு எம்பிகூடக் காலியாகவில்லை.

மூன்றும் வேறுவேறு கோளாறுகளாகத் தெரிகின்றன. ஆனால் இரண்டு ஹப்போடு சம்பந்தப்பட்டவை; மூன்றாவது, ரவுட்டர் தன் செய்தியின் நெற்றியில் ஒட்டி அனுப்பும் ஓர் எண்ணோடு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். கணினியில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹப். பழைய பிஎஸ்டி யூனிக்ஸின் சிஸ்லாக்டிக்கு ஹப் அனுப்பினால் அது அமைவுக் கோப்பை மறுபடி படிக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் இன்றும் அப்படித்தான். நம்மில் பலர் அந்தக் காலத்துக் குறிப்புகளைப் படித்து வளர்ந்தவர்கள் என்பதால் கை தானாக 'கில் -ஹப்' என்று அடிக்கிறது. ஆர்சிஸ்லாக்கில் அதற்கு வேறு வேலை: திறந்து வைத்திருக்கும் கோப்புகளை மூடிவிட்டுத் திரும்பத் திறக்கும், அவ்வளவே. நீங்கள் சேர்த்த புதிய விதியை, புதிய போர்ட்டை அது கண்ணெடுத்தும் பார்க்காது. சேவையை முழுமையாக நிறுத்தித் தொடங்க வேண்டும்: 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஆர்சிஸ்லாக்'. அதற்கு முன்னால் ஒருமுறை 'ஆர்சிஸ்லாக்டி -என்1' ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சேவையைத் தொடாமல் கோப்பை மட்டும் படித்துப் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். இதைத் தவிர்க்காதீர்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் ஆர்சிஸ்லாக் பெரும்பாலும் நின்றுவிடாது. புரிந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு அமைதியாக ஓடும். சேவை பச்சை நிறத்தில் தெரிகிறது, உங்கள் விதி மட்டும் அங்கே இல்லை.

இப்போது அழித்த கோப்பு. யூனிக்ஸில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. 'ஆர்எம்' நீக்குவது பெயரை. அதை யாராவது திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். உங்கள் விஷயத்தில் அந்த யாராவது ஆர்சிஸ்லாக்தான். இன்னும் அந்தப் பெயரில்லாத கோப்பில்தான் அது எழுதிக்கொண்டிருக்கிறது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று அடித்தால், 18 ஜிபி அளவோடு, அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு அது வெளிப்படும். இங்கேதான் ஹப் சரியான மருந்து. அனுப்பியதும் பழைய கோப்பு மூடப்படும், இடம் திரும்பி வரும், புதிய மெசேஜஸ் கோப்பு பிறக்கும். நீங்கள் கோப்பை அழித்தது ஹப்புக்குப் பிறகு. வரிசை மாறியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இனிமேல் அவசரத்துக்குக் காலி செய்ய வேண்டியிருந்தால் அழிக்காமல் 'ட்ரன்கேட் -எஸ் 0' போட்டு அளவைப் பூஜ்யமாக்குங்கள்.

அடுத்து, நெற்றி எண். ராக்கியில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப் -ஏ யூடிபி போர்ட் 514' ஓட்டிவிட்டு ரவுட்டரில் ஏதாவது அமைப்பை மாற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட இப்படி ஒரு வரி வரும்:

<189>29: *மார் 1 18:46:11: %சிஸ்-5-கன்ஃபிக்_ஐ: ...

முதலில் கோண அடைப்புக்குள் இருக்கும் 189ஐ 8ஆல் வகுங்கள். ஈவு 23, மீதி 5. ஈவு, செய்தி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. ஃபெசிலிட்டி என்கிறோமே, அது. மீதி, அதன் கடுமை. 23 என்பது லோக்கல்7, 5 என்பது நோட்டீஸ். சிஸ்கோ ஐஓஎஸ் யாரும் மாற்றாதவரை லோக்கல்7இல்தான் அனுப்பும். ராக்கியின் /ஈடிசி/ஆர்சிஸ்லாக்.கான்ஃப் கோப்பைத் திறந்து கீழே போனால் இந்த வரி இருக்கும்:

லோக்கல்7.*    /வார்/லாக்/பூட்.லாக்

ராக்கி சேர்ந்த ரெட் ஹாட் லினக்ஸ் குடும்பம் தன் பூட் செய்திகளுக்காக லோக்கல்7ஐ எடுத்துக்கொண்டது. சிஸ்கோவும் அதையே எடுத்துக்கொண்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. உங்கள் ரவுட்டரின் செய்தி விதிப்படி போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ரவுட்டரில் 'லாகிங் ஃபெசிலிட்டி லோக்கல்5' என்று மாற்றினால் இது தீரும். ஆனால் அதைவிடச் சுத்தமான வழி ஒன்று ராக்கியிலேயே இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இந்தப் பிரிவுகளின் பட்டியல் பழைய வீட்டுப் பரண் போன்றது. எரிக் ஆல்மன் 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் செண்ட்மெயில் அஞ்சல் நிரலை எழுதியபோது அதன் துணையாகப் பிறந்ததுதான் சிஸ்லாக். அதனால்தான் கெர்னலுக்கு 0, யூசருக்கு 1 என்று தொடங்கியதும், அடுத்த 2ஆம் எண்ணே மெயிலுக்குப் போனது. 3 டீமன், 4 ஆத், 6 அச்சுப்பொறி, 7 யூஸ்நெட் செய்தி, 8 யூயூசிபி (தொலைபேசி வழியாகக் கணினிகள் கோப்பு பரிமாறிய பழைய முறை), 9 கிரான் (நேரம் குறித்து ஓடும் வேலைகள்), 10 ஆத்பிரிவ் (உள்நுழைவு விவரங்கள்). யூயூசிபியை நேரில் பார்த்தவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் உங்கள் ராக்கியில் அதற்கென்று இன்னும் ஒரு வரி, /வார்/லாக்/ஸ்பூலர் என்ற கோப்போடு, ஆள் வராத கடை போலத் திறந்தே இருக்கிறது. 16 முதல் 23 வரை லோக்கல்0 முதல் லோக்கல்7. அவை நமக்காக விடப்பட்டவை. புதிய மென்பொருளுக்குப் பிரிவு என்று ஏற்பட்டால் இந்த எட்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும்.

கடுமை 0 முதல் 7 வரை: எமர்ஜ், அலர்ட், கிரிட், எர்ர், வார்னிங், நோட்டீஸ், இன்ஃபோ, டீபக். எண் சிறியதாக ஆக, நிலைமை மோசம். விதியில் 'இன்ஃபோ' என்று எழுதினால் இன்ஃபோவும் அதைவிடக் கடுமையான எல்லாமும் என்று பொருள். அந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றால் சமக்குறி போட வேண்டும்: 'கிரான்.=டீபக்'. இவ்வளவு தெரிந்தால் ராக்கியின் தலையாய வரியைப் படித்துவிடலாம்:

*.இன்ஃபோ;மெயில்.நன்;ஆத்பிரிவ்.நன்;கிரான்.நன்    /வார்/லாக்/மெசேஜஸ்

எல்லாப் பிரிவிலும் இன்ஃபோவும் அதற்கு மேலும். அதில் மெயில், ஆத்பிரிவ், கிரான் ஆகியவற்றைக் கழித்துவிடு. இடமிருந்து வலமாகத்தான் இது கணக்காகிறது. பின்னால் வருவது முன்னால் சொன்னதை மாற்றும். 'மெயில்.நன்;*.இன்ஃபோ' என்று திருப்பி எழுதினால், கழித்த மெயிலை நட்சத்திரம் மறுபடி உள்ளே சேர்த்துவிடும்.

ஆத்பிரிவ்வை ஏன் தனியாகப் பிரித்து, நிர்வாகியான ரூட் மட்டும் படிக்கும்படி /வார்/லாக்/செக்யூர் கோப்பில் வைக்கிறார்கள்? அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று பதிவாகும் வரியில் அந்தக் கடவுச்சொல் அப்பட்டமாக நிற்கும். மையச் சர்வரில் எல்லோருக்கும் படிக்கும் உரிமை கொடுக்க நினைக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், புதியவர்கள் அடிக்கடி தடுமாறுவது. ஒரு செய்தி ஒரு விதிக்குப் பொருந்திவிட்டால் அங்கேயே நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. கோப்பின் கடைசி வரை ஒவ்வொரு விதியிடமும் அது போகும்; பொருந்தும் இடத்திலெல்லாம் ஒரு பிரதி விழும். நிறுத்த வேண்டுமென்றால் 'ஸ்டாப்' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். /ஈடிசி/ஆர்சிஸ்லாக்.டி கோப்புறையில் உள்ள கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படுகின்றன. உபுண்டுவின் வழக்கமான விதிகள் '50-டிஃபால்ட்.கான்ஃப்' கோப்பில் இருப்பதால், அவற்றுக்கு முன்னால் ஒரு செய்தியைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் உங்கள் கோப்பின் பெயர் 30 என்பதுபோல் தொடங்க வேண்டும். 60 என்று வைத்தால் திருடன் போன பிறகு கதவைச் சாத்தியது போலத்தான்.

சரி, மையச் சர்வருக்கு வருவோம். வெளியிலிருந்து வரும் செய்திகளையும் ராக்கியின் சொந்தச் செய்திகளையும் ஒரே விதிப் பட்டியலில் ஓடவிடுவதுதான் உங்கள் குழப்பத்தின் வேர். ஆர்சிஸ்லாக்கில் ரூல்செட் என்று ஒரு வசதி இருக்கிறது. வாசல்தோறும் ஒரு தனி விதிப் பட்டியலைக் கட்டிவிடலாம்:

மாட்யூல்(லோட்="ஐஎம்யூடிபி")
மாட்யூல்(லோட்="ஐஎம்டிசிபி")
டெம்ப்ளேட்(நேம்="வெளிகோப்பு" டைப்="ஸ்ட்ரிங்" ஸ்ட்ரிங்="/வார்/லாக்/வெளி/%ஃப்ரம்ஹோஸ்ட்-ஐபி%.லாக்")
ரூல்செட்(நேம்="வெளியார்") { ஆக்‌ஷன்(டைப்="ஓஎம்ஃபைல்" டைனாஃபைல்="வெளிகோப்பு") }
இன்புட்(டைப்="ஐஎம்யூடிபி" போர்ட்="514" ரூல்செட்="வெளியார்")
இன்புட்(டைப்="ஐஎம்டிசிபி" போர்ட்="514" ரூல்செட்="வெளியார்")

இதை /ஈடிசி/ஆர்சிஸ்லாக்.டி கோப்புறையில் ஒரு தனிக் கோப்பாக வையுங்கள். போன மாதம் முதன்மைக் கோப்பில் யூடிபிக்காக நீங்கள் திறந்துவிட்ட வரிகளை மறக்காமல் மூடிவிடுங்கள். ஒரே மாட்யூலை இருமுறை ஏற்றச் சொன்னால் முறைக்கும். இனி வெளிச் செய்தி எதுவும் லோக்கல்7 விதியின் பக்கமே போகாது. ரவுட்டரில் கைவைக்கவும் தேவையில்லை.

கோப்பின் பெயருக்கு அனுப்பியவரின் ஹோஸ்ட்நேமை எடுக்காமல் ஐபி முகவரியை எடுத்திருக்கிறேன். மேலே காட்டிய ரவுட்டர் வரியைத் திரும்பப் பாருங்கள். ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறி ஆவணம் விவரிக்கும் வடிவத்தில் நெற்றி எண்ணை அடுத்து நேரமும், பிறகு ஹோஸ்ட்நேமும் வரவேண்டும். இங்கே 29 என்று ஒரு வரிசை எண் முந்திக்கொண்டது. ஹோஸ்ட்நேம் வரவே இல்லை. படிக்கும் நிரல் வேறு ஏதோ ஒரு துண்டைப் பெயராக எடுத்துக்கொள்ளும். விசித்திரமான பெயர்களில் கோப்புகள் முளைக்கும். தவிர, ஹோஸ்ட்நேம் என்பது செய்திக்குள் அனுப்புபவர் தானே எழுதிக்கொள்வது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் எழுதலாம். ஐபியோ, பாக்கெட் எங்கிருந்து வந்தது என்பதை ராக்கியே பார்த்துக் குறிப்பது. யூடிபியில் அதையும் போலியாக்கலாம் என்றாலும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

அந்த வரியில் தேதிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். 'என் கடிகாரத்தை நம்பாதீர்கள்' என்று ரவுட்டர் தானே சொல்லும் அடையாளம் அது. நேரம் அமைக்கப்படாத பழைய ரவுட்டர்கள் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் மார்ச் 1இல்தான் கண்விழிக்கும். ஆகஸ்ட் மாதம் ஏற்பட்ட துண்டிப்பை மார்ச் தேதியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரை ரவுட்டரில் குறிப்பிட்டுவிடுங்கள். பழைய வடிவத்தில் ஆண்டும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 இரண்டையும் சேர்த்தது. ஆனால் இன்றும் பாதிச் சாதனங்கள் பழைய பேச்சைத்தான் பேசுகின்றன.

ராக்கியில் இன்னும் இரண்டு காவலாளிகள் உண்டு. ஃபயர்வால்டியில் யூடிபி 514, டிசிபி 514 இரண்டையும் திறந்திருக்க வேண்டும்; ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்ஈலினக்ஸ் இன்னொன்று. 30514 போல வழக்கமில்லாத போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் 'செமேனேஜ் போர்ட்' கட்டளையால் அதை சிஸ்லாக்கின் போர்ட்டாகப் பதிய வேண்டும். பதிவுகளை /வார்/லாக்கை விட்டு வேறு டிஸ்க்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அந்தக் கோப்புறைக்கு வார் லாக்கின் எஸ்ஈலினக்ஸ் லேபிளை ஒட்ட வேண்டும். எஸ்ஈலினக்ஸை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பல்லி விழுந்ததற்கு வீட்டை இடிப்பதா?

இனி உபுண்டுகள் அனுப்பும் பக்கம். பழைய எழுத்துமுறையில் ஒரு @ போட்டால் யூடிபி, இரண்டு @@ போட்டால் டிசிபி: '*.* @@10.0.0.5:514'. பெரும்பாலானோர் இந்த ஒரு வரியோடு எழுந்துபோய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு சனிக்கிழமை இரவு வரை.

சென்ட்ஓஎஸ் 6 ஓடிய காலம். நான் வேலை பார்த்த இடத்தில் பதினாறு சர்வர்கள் ஒரு மையச் சர்வருக்கு டிசிபியில் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தன. மையம் தொடர்பு இழந்தால் செய்திகள் தொலையக்கூடாது என்று எங்கேயோ பார்த்த நான்கு வரிகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டிருந்தேன்: மறுமுயற்சி எண்ணிக்கை -1. அதாவது, கிடைக்கும்வரை விடாமல் முயற்சி செய். அன்று இரவு மையச் சர்வருக்கு ராம் கூட்டுவதற்காக அதை நிறுத்தினோம். சிறிது நேரத்தில் இணையதளம் மந்தமாகிறது என்று தொலைபேசி. ஒரு சர்வருக்குள், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மறுக்கவும் இல்லை, உள்ளே விடவும் இல்லை. அடுத்த சர்வர், அதுவும் அப்படியே. கன்சோலுக்கு ஓடினோம், அங்கேயும் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிக்கொண்டு கர்சர் மட்டும் மினுக்கியது.

நடந்தது இதுதான். அனுப்பும் வேலைக்கென்று தனி வரிசை இல்லாததால் அது பொதுவரிசையின் தலையிலேயே நின்றுகொண்டு மையத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதன் பின்னால் எல்லாச் செய்திகளும் தேங்கின. பொதுவரிசை நிரம்பியது. ஆர்சிஸ்லாக், நிரல்கள் செய்தி போடும் வாசலான /டெவ்/லாக் சாக்கெட்டிலிருந்து படிப்பதை நிறுத்தியது. சாக்கெட்டும் நிரம்பியது. அதன்பிறகு சிஸ்லாக் அழைப்பைச் செய்த ஒவ்வொரு நிரலும் அந்த இடத்திலேயே உறைந்தது. எஸ்எஸ்எச்டி என் கடவுச்சொல்லைச் சரிபார்த்துவிட்டது. 'கடவுச்சொல் ஏற்கப்பட்டது' என்ற ஒரு வரியை எழுத முடியாமல்தான் நின்றிருந்தது. மையச் சர்வருக்கு மின்சாரம் கொடுத்து அது எழுந்ததும் பதினாறும் ஒரு நிமிடத்தில் தாமாக மூச்சுவிட்டன.

நான் விட்டுவிட்ட மற்ற வரிகள் வரிசை பற்றியவை. இன்றைய எழுத்துமுறையில் எல்லாவற்றையும் ஒரே அடைப்புக்குள் சொல்லலாம். பழைய டாலர் குறி வரிகளில் எது எந்த விதியோடு ஒட்டும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்:

*.* ஆக்‌ஷன்(டைப்="ஓஎம்ஃபார்வர்ட்" டார்கெட்="10.0.0.5" போர்ட்="514" ப்ரோட்டோகால்="டிசிபி"
  ஆக்‌ஷன்.ரெஸ்யூம்ரீட்ரைகவுண்ட்="-1"
  க்யூ.டைப்="லிங்க்ட்லிஸ்ட்" க்யூ.ஃபைல்நேம்="மையம்"
  க்யூ.மேக்ஸ்டிஸ்க்ஸ்பேஸ்="1ஜி" க்யூ.சேவ்ஆன்ஷட்டவுன்="ஆன்")

இதில் ஒரு சொல்லை மட்டும் ஒலிபெயர்த்து ஏமாறாதீர்கள்: 'ஓஎம்ஃபார்வர்ட்' என்று நான் வாசித்ததை அமைவில் சுருக்கி ஐந்தே எழுத்தில் எழுதுவார்கள், கடைசி மூன்றும் எஃப், டபிள்யூ, டி. வரிசைக்கு டைப் கொடுத்ததும் அனுப்பும் வேலை பொதுவரிசையிலிருந்து பிரிந்து தன் போக்கில் ஓடும். கோப்புப் பெயர் கொடுத்ததும், நினைவகம் போதாதபோது டிஸ்க்குக்கு வழியும். இட உச்சவரம்பைக் கட்டாயம் போடுங்கள்; இல்லாவிட்டால் மையம் ஒரு வாரம் படுத்தால் உபுண்டுவின் டிஸ்க்கும் சேர்ந்து படுக்கும். இந்தக் கோப்பை ராக்கிக்குப் பிரதி எடுத்துவிடாதீர்கள். மையம் தனக்குத் தானே அனுப்பத் தொடங்கினால் டிஸ்க் நிரம்பும் வேகம் பார்ப்பதற்கே பயமாக இருக்கும்.

சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி உள்ள இன்றைய கணினிகளில் அந்தச் சனிக்கிழமை அப்படியே திரும்பாது. /டெவ்/லாக்கின் பின்னால் இப்போது சிஸ்டம்டியின் பதிவுச் சேவையான ஜர்னல்டி உட்கார்ந்திருக்கிறது. உபுண்டுவில் அது வாங்கி ஆர்சிஸ்லாக்கிடம் தள்ளும். ஆர்சிஸ்லாக் வாங்காவிட்டால் காத்திருக்காமல் செய்தியைக் கைவிட்டுவிட்டு, இத்தனை தவறின என்று ஜர்னலில் குறித்துக்கொள்ளும். கணினி உறையாது, பதிவு தொலையும். ஜர்னல்டிக்கு ஒரு வேகக் கட்டுப்பாடும் உண்டு: ஒரு சேவையிலிருந்து 30 நொடிக்கு 10,000 செய்திகள் என்பதுதான் வழக்கமான அளவு. ராக்கியில் ஜர்னலைப் படிக்கும் மாட்யூலுக்குத் தனியாக 10 நிமிடத்துக்கு 20,000 என்று இன்னொரு கட்டுப்பாடு. நெருக்கடியான நேரத்தில் பதிவில் ஓட்டை தெரிந்தால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்கும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். டெபியன் 12இல் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதே இல்லை. நாளை ஒரு டெபியன் சேர்த்தால் முதலில் அதை நிறுவிக்கொள்ளுங்கள்.

ரவுட்டருக்கு யூடிபியே போதும். சர்வர்களுக்கு டிசிபி. பதிவுகள் உங்கள் அலுவலக வலையை விட்டு வெளியே பயணம் செய்யும் என்றால் மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ், அதற்கு 6514 போர்ட். இல்லையென்றால் வழியில் இருப்பவர் எல்லோரும் படிக்கலாம். டிசிபி என்றால் ஒரு செய்தியும் தொலையாது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். இணைப்பு அறுந்த கணத்தில், இயங்குதளம் வாங்கிக்கொண்ட ஆனால் எதிர்ப்பக்கம் சேராத செய்திகள் போனது போனதுதான். ஆர்சிஸ்லாக்கை எழுதிய ரைனர் கெர்ஹார்ட்ஸ் ஆர்இஎல்பி என்ற நெறிமுறையை உருவாக்கியதே இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதில் வாங்கியவர் வாங்கினேன் என்று சொல்லும்வரை அனுப்பியவர் கையைவிட்டுச் செய்தி போகாது.

எல்லாம் எழுதி ரீஸ்டார்ட் செய்தபிறகும் வரவில்லை என்றால் அமைவுக் கோப்பையே வெறித்துப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு செய்தியை அனுப்பி அதன் பின்னாலேயே போங்கள். உபுண்டுவில் 'லாகர் -பி லோக்கல்3.வார்னிங் -டி சோதனை வணக்கம்-1' அடியுங்கள். உபுண்டுவின் /வார்/லாக்/சிஸ்லாக் கோப்பில் வந்ததா? வராவிட்டால் கோளாறு அந்தக் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை. வந்திருந்தால் அங்கேயே டிசிபிடம்ப் ஓட்டி இன்னொன்று அனுப்புங்கள், பாக்கெட் கிளம்புகிறதா? பிறகு ராக்கியில் டிசிபிடம்ப். இங்கே ஒரு நுணுக்கம்: உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும். ஆகவே டிசிபிடம்பில் தெரிகிறது, கோப்பில் இல்லை என்றால் நெட்வொர்க்காரரை எழுப்ப வேண்டாம்; ராக்கியின் ஃபயர்வாலையும், 'எஸ்எஸ் -எல்என்டியூபி' காட்டும் பட்டியலில் 514 இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதுவும் சரியென்றால் எஸ்ஈலினக்ஸ் அல்லது கோப்புறை உரிமை. உபுண்டுவில் ஆர்சிஸ்லாக் ரூட்டாக ஓடுவதில்லை, சிஸ்லாக் என்ற பயனராக ஓடுகிறது. ரூட் உருவாக்கிய கோப்புறையில் அதனால் எழுத முடியாது.

எத்தனை நாள் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இடம் போதவில்லை என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். பதிவுக் கோப்புகளைச் சுழற்றிப் பழையதை நீக்கும் லாக்ரொட்டேட்டின் வழக்கமான அளவு வாரம் ஒரு சுழற்சி, நான்கு பிரதி. ஏறக்குறைய ஒரு மாதம். இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு 180 நாள் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. கடிகாரங்களை தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. வாரச் சுழற்சியில் 26 பிரதி வைத்தால் 182 நாள். /வார்/லாக்/வெளி கோப்புறைக்கு ஒரு தனி லாக்ரொட்டேட் கோப்பு எழுதி, சுருக்கி வைக்கச் சொல்லி, சுழற்சி முடிந்ததும் ஆர்சிஸ்லாக்குக்கு ஹப் அனுப்பச் சொல்லுங்கள். ஆம், அதே ஹப். பெயர் மாறிய பழைய கோப்பை விட்டுவிட்டுப் புதியதைத் திறக்க வைப்பதுதான் அதன் உத்தியோகம். அந்த வரி இல்லாவிட்டால் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். உங்கள் 18 ஜிபி கதை வேறு உருவில் திரும்பி வரும்.

கடைசியாக ஒரு சோதனை. அடுத்த வாரம் ஏதாவது ஒரு பகல் நேரத்தில், உபுண்டுவில் ஒரு எஸ்எஸ்எச் இணைப்பைக் கூடுதலாகத் திறந்து வைத்துக்கொண்டு, ராக்கியில் ஆர்சிஸ்லாக்கை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். நிறுத்திய நிலையில் உபுண்டுவிலிருந்து 1 முதல் 100 வரை எண்ணிட்ட செய்திகளை லாகர் வழியாக அனுப்புங்கள். புதிதாக ஒரு எஸ்எஸ்எச் இணைப்பும் செய்து பாருங்கள். தயங்காமல் உள்ளே விட வேண்டும். பிறகு ராக்கியைத் தொடங்கிவிட்டு எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணுங்கள். ஓரிரண்டு குறைந்தால் அது மேலே சொன்ன டிசிபியின் குணம். தொண்ணூறு குறைந்தால் வரிசைக்கான வரிகளில் ஒன்று உங்கள் கோப்பில் விட்டுப்போயிருக்கிறது. 'ஆர்சிஸ்லாக்டி -என்1' வெளியீட்டோடு அந்தப் பகுதியை மட்டும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.